நிக் அஜீஸ்: கிளந்தானை 22 ஆண்டுகள் ஆண்ட தோக் குருவைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசிய அரசியலைப் பற்றித் தமிழில் பேச்சு எழும்போது, பாஸ் கட்சியா, அது மதவாதக் கட்சி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அடுத்த நிமிடமே அதே ஆள், "ஆனா நிக் அஜீஸ் நல்ல மனுஷன்" என்பார். இந்த இரண்டும் ஒரே வாயிலிருந்து எப்படி வருகின்றன என்பதுதான் எனக்கு நீண்ட நாளாக இருந்த கேள்வி. அதைத் தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டவற்றை, நண்பர்கள் மறுபடி மறுபடி கேட்ட கேள்விகளின் வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

யார் இவர்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

நிக் அப்துல் அஜீஸ் நிக் மாட். மலேசியத் தீபகற்பத்தின் வடகிழக்கு மூலையில், தாய்லாந்து எல்லையை ஒட்டியுள்ள கிளந்தான் மாநிலத்தின் மந்திரி பெசாராக 1990 அக்டோபர் முதல் 2013 மே வரை இருந்தவர். சமய ஆசிரியராகத் தொடங்கியவர் என்பதால் எல்லோரும் 'தோக் குரு' என்றே அழைத்தார்கள். மலேசிய இஸ்லாமியக் கட்சியான பாஸின் ஆன்மிகத் தலைவர் பதவியில், அதாவது முர்ஷிதுல் ஆம் என்ற பொறுப்பில், 1991 முதல் இறக்கும்வரை இருந்தார். கட்சித் தலைவர் பதவி வேறு, இது வேறு. ஆனால் பல நேரங்களில் தலைவர் சொன்னதைவிட இவர் சொன்னதுதான் கட்சிக்காரர்களிடம் எடுபட்டது.

'நிக்' என்பது குடும்பப் பெயரா?

இல்லை. கிளந்தானில் பழைய உயர்குடி வழிவந்தவர்களின் பெயருக்கு முன்னால் வரும் அடையாளம் அது. நிக், வான், துவான், தெங்கு என்று அங்கே பல உண்டு. மலாய்க்காரர்களுக்கும் நம்மைப் போலவே குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் பின்னால் வரும். நாம் அதை முதலெழுத்தாகச் சுருக்கி முன்னால் போடுகிறோம், அவர்கள் முழுதாகப் பின்னால் போடுகிறார்கள், அவ்வளவுதான். ஆகவே 'நிக் மாட்' என்பது அவருடைய தந்தையின் பெயர். அவரை 'மாட்' என்று எழுதினால் அது அவர் அப்பாவைக் குறிக்கும்!

மந்திரி பெசார் என்றால் முதலமைச்சர்தானே?

ஏறக்குறைய அப்படித்தான். சுல்தான் அல்லது அவருக்கு இணையான அரச பரம்பரை உள்ள ஒன்பது மாநிலங்களில் ஆட்சித் தலைவரை மந்திரி பெசார் என்கிறார்கள். பினாங்கு, மலாக்கா போன்ற இடங்களில் முதலமைச்சர் என்ற பெயர். அதிகாரத்தைப் பற்றி மட்டும் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் நிக் அஜீஸின் ஆட்சியே புரியாது. நிலம், காடு, ஊராட்சி, இஸ்லாமிய சமயச் சட்டம் ஆகியவை மாநிலத்தின் கையில். போலீஸ், பள்ளிக்கூடம், மருத்துவமனை, பெரிய வரி வருமானம் எல்லாம் கோலாலம்பூரின் கையில். பணமில்லாத மாநிலம், அதுவும் எதிர்க்கட்சி ஆளும் மாநிலம் என்றால் நிலைமை எப்படியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

எங்கே பிறந்தார், எப்படி வளர்ந்தார்?

1931 ஜனவரி 10, கோத்தா பாருவுக்கு அருகில் புலாவ் மெலாக்கா என்ற கிராமம். 'புலாவ்' என்றால் தீவு, ஆனால் அது தீவு அல்ல, தென்னையும் மரவீடுகளும் உள்ள சாதாரண ஊர். அவர் பிறந்த அதே 1931இல்தான் கெமாசிலிருந்து தும்பாட் வரைக்குமான கிழக்குக்கரை இரயில் பாதை முழுமையடைந்தது. மலாயா இரயில்வேயில் நம் ஆட்கள் சிந்திய வியர்வை கொஞ்சமல்ல என்பதால் அந்த ஆண்டைப் பார்த்ததும் என் மனம் அங்கே போய்விட்டது.

பத்து வயதில் போர். 1941 டிசம்பர் 8 அதிகாலையில் ஜப்பானியப் படை மலாயாவில் முதலில் இறங்கிய கடற்கரை கோத்தா பாருவை ஒட்டியதுதான், இவர் ஊரிலிருந்து அதிகத் தூரமில்லை. 1943 முதல் போர் முடியும்வரை கிளந்தானைத் தாய்லாந்து நிர்வகித்தது. ஒரு பையன் பத்து வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடையில் பிரிட்டிஷ், ஜப்பான், சயாம் என்று மூன்று கொடிகளைப் பார்த்திருக்கிறான். தந்தை ஊரில் மதிக்கப்பட்ட சமய அறிஞர். முதல் பாடம் அவரிடம், அப்புறம் போண்டோக் எனப்படும் கிராமத்துச் சமயப் பள்ளிகளில். மாணவர்கள் குருவின் வீட்டைச் சுற்றிக் குடில் போட்டுத் தங்கிப் படிக்கும் முறை அது. நம் திண்ணைப் பள்ளியும் குருகுலமும் கலந்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் படித்தாராமே, உண்மையா?

உண்மைதான். 1952இல் உத்தரப் பிரதேசத்தில் உள்ள தேவ்பந்த் தாருல் உலூம் என்ற இஸ்லாமியக் கல்விநிலையத்துக்குப் போய் ஐந்தாண்டுகள் படித்தார், உருதும் கற்றுக்கொண்டார். அங்கிருந்து லாகூர், பிறகு கெய்ரோவின் அல் அஸ்ஹர் பல்கலைக்கழகம். அரபு மொழியில் இளங்கலை, இஸ்லாமியச் சட்டவியலில் முதுகலை முடித்துவிட்டு 1960களின் தொடக்கத்தில் ஊர் திரும்பினார்.

தேவ்பந்த் படிப்பை வைத்து அவரை ஒரே வரியில் 'கடும்போக்காளர்' என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது பொருத்தமாகத் தெரியவில்லை. அந்தக் காலத்து தேவ்பந்த் அறிஞர்களில் பலர் பிரிவினையை எதிர்த்துக் காங்கிரசோடு நின்றவர்கள். அந்தப் படிப்போடு கூடவே எளிய வாழ்க்கையும், ஆட்சியாளரிடம் கைநீட்டாத பழக்கமும் சேர்ந்து வந்தன என்றே நினைக்கிறேன். இவர் பிற்காலத்தில் வாழ்ந்த விதத்தைப் பார்த்தால் அதை நம்பத் தோன்றுகிறது.

ஆசிரியராக இருந்தவர் அரசியலுக்கு எப்படி வந்தார்?

ஊர் திரும்பியதும் சமயப் பள்ளிகளில் பாடம் நடத்தினார், கிராமம் கிராமமாகப் போய் மசூதிகளில் பேசினார். கிளந்தானில் பேச்சுக்குப் பெரிய மதிப்பு. அரசியல்வாதியைவிட உஸ்தாஸ் எனப்படும் சமய ஆசிரியரின் சொல்லுக்குக் கூட்டம் சேரும். 1967இல் கிளந்தான் ஹிலிர் நாடாளுமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தபோது பாஸ் இவரை நிறுத்தியது, வென்றார். அந்தத் தொகுதிதான் பின்னால் பெங்காலான் செப்பா என்று பெயர் மாறியது. 1986 வரை நாடாளுமன்ற உறுப்பினர். அதன்பிறகு மாநிலச் சட்டமன்றம்: முதலில் செமுட் ஆப்பி தொகுதி, 1995 முதல் செம்பாக்கா தொகுதி. செமுட் ஆப்பி என்றால் நெருப்பெறும்பு என்று பொருள், தொகுதிக்கு இப்படி ஒரு பெயர் அமைவது அபூர்வம். 1967 முதல் 2015இல் கண்மூடும்வரை, 48 ஆண்டுகள், மக்கள் பிரதிநிதியாகவே இருந்திருக்கிறார்.

1977இல் கிளந்தானில் நடந்த குழப்பத்துக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிப் பாத்திரம் என்பதைவிட, அந்தக் குழப்பம் இவரை எப்படி உருவாக்கியது என்பதுதான் முக்கியம். 1959 முதல் கிளந்தானை பாஸ்தான் ஆண்டது. 1973இல் நாட்டை ஆண்ட மலாய்க் கட்சியான அம்னோவோடு கூட்டணி, அடுத்து அம்னோ தலைமையிலான தேசிய முன்னணியில் இணைப்பு. மந்திரி பெசார் முகமட் நாசிருக்கும் பாஸ் தலைமைக்கும் மோதல் முற்றி, 1977 அக்டோபரில் அவர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம், கோத்தா பாருவில் கலவரம், நவம்பரில் அவசரகாலம். டிசம்பரில் பாஸ் தேசிய முன்னணியை விட்டு வெளியேற்றப்பட்டது. 1978 மார்ச்சில் மாநிலத் தேர்தல் நடந்தபோது 36 இடங்களில் பாஸுக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு!

பத்தொன்பது ஆண்டு ஆண்ட கட்சி, ஐந்து ஆண்டுக் கூட்டணியில் தரைமட்டம். பிற்காலத்தில் அம்னோவோடு சேரலாம் என்று யார் பேச்செடுத்தாலும் நிக் அஜீஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டதற்குக் காரணம் இந்த அனுபவம்தான். அதன்பிறகு மாநிலப் பாஸை மறுபடி கட்டியெழுப்பும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. 1982இல் பழைய தலைவர் அஸ்ரி மூடா விலகி, உலமாக்கள் எனப்படும் சமய அறிஞர்களின் கைக்குக் கட்சி போனது. அந்த மாற்றத்தை முன்னின்று நடத்தியவர்களில் இவரும் ஒருவர்.

1990இல் எப்படி எல்லா இடங்களையும் வென்றார்கள்?

அம்னோ பிளந்ததுதான் வாய்ப்பாக அமைந்தது. கிளந்தான் அரச குடும்பத்தைச் சேர்ந்த தெங்கு ரசாலி ஹம்சா, 1987இல் பிரதமர் மகாதீரிடம் அம்னோ தலைமைப் போட்டியில் நூலிழையில் தோற்று, பின்னர் செமாங்காட் 46 கட்சியைத் தொடங்கினார். அவரும் பாஸும் கைகோத்து நின்ற 1990 பொதுத்தேர்தலில், கிளந்தானின் 39 சட்டமன்ற இடங்களும் அந்தக் கூட்டணிக்கே. 13 நாடாளுமன்ற இடங்களும் அவர்களுக்கே. தேசிய முன்னணிக்குப் பூஜ்யம். அக்டோபர் 22 அன்று, 59 வயதில், நிக் அஜீஸ் மந்திரி பெசார் ஆனார். தோளில் துண்டு, தலையில் வெள்ளைத் தலைப்பாகை, நீள அங்கி என்று மாநிலத் தலைமைச் செயலகத்துக்குள் ஒரு கிராமத்து உஸ்தாஸ் நுழைந்த காட்சி அன்றைக்குப் பலருக்கு வேடிக்கையாக இருந்தது. ஒரு தவணை தாங்காது என்றவர்கள் உண்டு, ஆனால் ஐந்து தேர்தல் தாங்கியது.

பதவியில் இருந்தபோதும் சொந்த மரவீட்டிலேயே இருந்தாராமே?

ஆமாம். மந்திரி பெசாருக்கென்று அரசு மாளிகை இருக்கிறது, அதில் குடியேறவில்லை. புலாவ் மெலாக்காவில் உள்ள வீட்டிலிருந்தே வந்துபோனார், வீட்டுப் பக்கத்து மசூதியில் தொழுகை நடத்தினார், தொழுகை முடிந்ததும் யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம். சம்பளத்தில் ஒரு பங்கைத் தானாகவே விட்டுக்கொடுத்தார். அலுவலகத்தை விட்டுக் கிளம்பும்போது விளக்குகளைத் தன் கையாலேயே அணைத்துவிட்டுப் போவார் என்பது கிளந்தானில் குழந்தைகள்கூடச் சொல்லும் செய்தி. காமராசரைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் பேசும்போது குரலில் ஒரு நெகிழ்ச்சி வருமே, அதை நிக் அஜீஸைப் பற்றிப் பேசும் கிளந்தான்காரர்களிடமும் கேட்கலாம்.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. மலேசியாவில் அரசியல்வாதி என்றாலே பெரிய வீடு, கார் அணிவகுப்பு, பட்டம் என்று மக்கள் பழகிப்போயிருந்த காலம் அது. சுல்தான் கொடுத்த டத்தோ பட்டம் இவருக்கும் இருந்தது, ஆனால் ஊர் வாயில் கடைசிவரை 'தோக் குரு'தான். கொள்கையில் உடன்படாதவர்கள்கூட இவரிடம் தோற்றது இந்த இடத்தில்தான்.

வெள்ளிக்கிழமை வகுப்பு என்று சொல்கிறார்களே, அது என்ன?

கிளந்தானில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளி காலையில் கோத்தா பாரு நகர நடுவில், பாஸ் அலுவலகத்தை ஒட்டிய தெருவில், நிக் அஜீஸ் குர்ஆன் விளக்கம் சொல்வார். மக்கள் சாலையிலேயே பாயோ செய்தித்தாளோ விரித்து உட்கார்ந்து கேட்பார்கள். சுத்தமான கிளந்தான் வட்டார மொழி. கோலாலம்பூர் மலாய்க்காரருக்கே பாதிதான் புரியும். பயிர், மீன், மாடு, சந்தை என்று உவமைகள். விளக்கம் முடியும் இடத்தில் அரசியல் வந்துவிடும், அல்லது அரசியலிலிருந்து விளக்கம் தொடங்கும். வகுப்பு முடிந்ததும் அந்தக் கூட்டமே சந்தைக்குள் போகும். பிரதான ஊடகங்கள் எல்லாம் ஆளுங்கட்சிப் பக்கம் இருந்த நாட்டில், இவருடைய செய்தித்தாளும் தொலைக்காட்சியும் இந்தத் தெருதான். இவர் வெற்றியின் இரகசியம் என்ன என்று கேட்டால் நான் இந்த வெள்ளிக்கிழமைகளைத்தான் காட்டுவேன்.

ஆட்சியில் என்னென்ன மாற்றினார்?

'இஸ்லாத்துடன் இணைந்து வளர்ச்சி' என்பது அவருடைய ஆட்சியின் முழக்கம். சூதாட்டக் கடைகள் மூடப்பட்டன, மது விற்பனை முஸ்லிம் அல்லாதவர்களுக்கு என்று சுருங்கியது, பேரங்காடியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கட்டண வரிசை, முஸ்லிம் பெண் ஊழியர்களுக்குத் தலைமறைப்பு கட்டாயம், மீறினால் நகராட்சி அபராதம். இவையெல்லாம் வெளியில் செய்தியானவை. வட்டியில்லா அடகுக் கடையான அர் ரஹ்னு 1990களின் தொடக்கத்தில் கிளந்தானில் தொடங்கி, பின்னர் நாடெங்கும் பரவிய முறைகளில் ஒன்று. நகையை வைத்துக் கடன் வாங்கும் ஏழைப் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது நமக்குச் சொல்லத் தேவையில்லை. 2010இல் தங்க தினார், வெள்ளி திர்ஹம் நாணயங்களை வெளியிட்டார்கள். நாணயம் வெளியிடும் உரிமை மத்திய அரசுக்கே என்பதால் அது புழக்கப் பணமாக நிலைக்கவில்லை.

மாக் யோங், வயாங் கூலிட் கலைகளைத் தடை செய்தாரா?

செய்தார். எனக்கு அவரிடம் மிகவும் வருத்தமான இடம் இது. மாக் யோங் என்பது பாட்டும் ஆட்டமும் நாடகமும் கலந்த கிளந்தானின் பழைய கலை, பெண்களே அரசன் வேடமும் கட்டுவார்கள். வயாங் கூலிட் என்பது தோல்பாவைக் கூத்து. கிளந்தான் பாவைக்கூத்தின் முக்கியக் கதை இராமாயணம்தான், மகாராஜா வானா என்று அவர்கள் சொல்வது நம் இராவணனை. ஆவி வழிபாட்டுச் சடங்குகள் இருக்கின்றன, ஆணும் பெண்ணும் கலந்து ஆடுகிறார்கள் என்பன போன்ற காரணங்களைச் சொல்லி 1990களில் பொதுமேடையில் இவை தடுக்கப்பட்டன. 2005இல் யுனெஸ்கோ மாக் யோங்கை மனிதகுல மரபுச் செல்வம் என்று அறிவித்தபோது, அது பிறந்து வளர்ந்த மண்ணில் சுதந்திரமாக ஆட முடியாத நிலை. நிபந்தனைகளோடு தடை தளர்ந்தது 2019இல்தான், அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் கழித்து. குருவிடமிருந்து சீடனுக்கு வாய்மொழியாக மட்டுமே போகும் ஒரு கலையை 28 ஆண்டு ஒதுக்கி வைத்தால் எத்தனை பாட்டு, எத்தனை கதை கிழவர்களோடு போயிருக்கும்? இதற்குச் சமாதானமாகச் சொல்லப்பட்ட எந்தப் பதிலும் எனக்கு நிறைவு தரவில்லை.

ஹுடுட் சட்டம் கொண்டுவந்தவர் இவர்தானே?

1993இல் கிளந்தான் சட்டமன்றம் சமயக் குற்றவியல் சட்டத்தை நிறைவேற்றியது, அப்போது மந்திரி பெசார் இவர்தான். கை வெட்டு, கல்லெறி போன்ற தண்டனைகள் அதில் இருந்தன. ஆனால் ஒருநாள்கூட நடைமுறைக்கு வரவில்லை. குற்றவியல் சட்டம் மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. சமய நீதிமன்றங்கள் விதிக்கக்கூடிய அதிகபட்சத் தண்டனையை மூன்றாண்டுச் சிறை, 5,000 ரிங்கிட் அபராதம், ஆறு பிரம்படி என்று மத்தியச் சட்டம் கட்டுப்படுத்தியிருக்கிறது. ஆகவே அது ஏட்டிலேயே நின்றது. ஏட்டில் இருந்ததாலேயே ஒவ்வொரு தேர்தலிலும் முஸ்லிம் அல்லாதவர்களிடம் பயத்தைக் கிளப்ப அது பயன்பட்டது. முஸ்லிம் அல்லாதவர்களின் ஆதரவு மிகுந்த ஜனநாயக செயல் கட்சியும் (ஜசெக) பாஸும் சேர்வதும் பிரிவதுமாக இருந்ததற்குப் பெரிய காரணம் இதுவே. 2001இல் ஜசெக கூட்டணியை விட்டு விலகியதும் இஸ்லாமிய நாடு என்ற பேச்சின் காரணமாகத்தான். அவர் இந்தச் சட்டத்தை மனதார நம்பினார், வாக்குக்காகச் சொன்னவர் அல்ல. அந்த உண்மைத்தன்மைதான் மற்றவர்களை இன்னும் கவலைப்பட வைத்தது.

முஸ்லிம் அல்லாதவர்களை எப்படி நடத்தினார்? தமிழர்கள் நிலை?

கிளந்தானில் ஏறக்குறைய 95 விழுக்காட்டினர் மலாய்க்காரர்கள். மீதியில் சீனர், சயாம்காரர், பழங்குடியினர், அப்புறம் மிகச் சிறிய எண்ணிக்கையில் நம்மவர்கள். பன்றி இறைச்சி விற்பதையோ கோயில் கட்டுவதையோ அவர் தடுக்கவில்லை. தும்பாட் வட்டாரத்தில் சயாம் விகாரைகள் நிறைய உண்டு. சுமார் 30 மீட்டர் உயரத்தில் அமர்ந்த நிலையில் உள்ள பெரிய புத்தர் சிலை எழும்பியது இவருடைய ஆட்சியில்தான். ரந்தாவ் பாஞ்சாங் எல்லையில் சீனக் கட்டடக்கலையில் ஒரு மசூதி கட்டினார்கள், ஊரார் அதைப் பெய்ஜிங் மசூதி என்கிறார்கள். இஸ்லாம் மலாய்க்காரருக்கு மட்டும் சொந்தமல்ல, இனவாதம் இஸ்லாத்துக்கு விரோதம் என்பதை இடைவிடாமல் சொன்னவர். அம்னோவின் மலாய் தேசியவாதத்தை அவர் எதிர்த்தது இந்த அடிப்படையில்தான்.

தமிழர்களைப் பொறுத்தவரை, கோலா கிராய் பக்கம் இரப்பர் தோட்டங்களில் வேலைக்கு வந்த குடும்பங்கள்தான் பெரும்பாலும். மாநிலத்துக்கே ஒரே ஒரு தமிழ்ப்பள்ளி, பாசிர் காஜா தோட்டத் தமிழ்ப்பள்ளி. எண்ணிக்கை குறைவு என்பதால் கிளந்தான் அரசியலில் நம் குரல் பெரிதாக எழுந்ததில்லை. மாநிலத்துக்கு வெளியில் நிலைமை வேறு. மலேசிய இந்தியர்கள் உரிமை கேட்டு நடத்திய 2007இன் ஹிண்ட்ராஃப் பேரணிக்குப் பிறகு வந்த 2008 தேர்தலில், வாழ்நாளில் முதல்முறையாகப் பாஸ் வேட்பாளருக்கு வாக்களித்த தமிழர்கள் ஏராளம். 'பாஸ் அனைவருக்கும்' என்ற முழக்கமும், முஸ்லிம் அல்லாதவர்களுக்கான ஆதரவாளர் மன்றமும், ஜொகூரின் தீராம் தொகுதியில் குமுதா ராமன் என்ற தமிழ்ப் பெண்ணைக் கட்சி களமிறக்கியதும் அந்தக் காலத்தவை. இவர்மீது இருந்த மரியாதை இல்லாமல் அது நடந்திருக்காது என்பது என் கணிப்பு.

இருந்தாலும் எல்லை இருந்தது. 2013 ஜனவரியில் அவர் தலைமையிலான கட்சியின் உலமா மன்றம், முஸ்லிம் அல்லாதவர்கள் தங்கள் வேதநூலில் 'அல்லாஹ்' என்ற சொல்லைப் பயன்படுத்தக்கூடாது என்று முடிவெடுத்தது. அதற்கு மூன்றாண்டு முன்னால் கட்சி சொன்னதற்கு அது நேர் எதிர்.

பெண்கள் விஷயத்தில்?

பெண்களின் உடையையும் அலங்காரத்தையும் குறித்து அவர் சொன்ன பல கருத்துகள் பெண்கள் அமைப்புகளைக் கொதிக்க வைத்தன, கொதித்தது நியாயம். பல ஆண்டுகளாகத் தேர்தலில் பெண்களை நிறுத்தாத பாஸ் 2004இல்தான் மறுபடி நிறுத்தியது. அதேசமயம், கோத்தா பாருவின் பெரிய சந்தையில் காய்கறி, மீன், துணி என்று கடை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அந்தச் சந்தைக்கு நபிகளின் மனைவியும் வணிகருமான கதீஜாவின் பெயரைச் சூட்டி 'சித்தி கதீஜா சந்தை' ஆக்கியது இவருடைய ஆட்சி. அந்த வியாபாரப் பெண்கள்தான் அவருடைய மிக உறுதியான வாக்கு வங்கியும்கூட.

இவ்வளவு நல்லவர் ஆண்டும் கிளந்தான் ஏன் ஏழையாகவே இருந்தது?

நாட்டிலேயே குறைந்த வருமானம் உள்ள மாநிலங்களில் கிளந்தான் ஒன்று, இளைஞர்கள் வேலை தேடிக் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்க்கொண்டேதான் இருந்தார்கள். மத்திய அரசு மாநில அரசை ஒதுக்கிவிட்டு, கூட்டரசு மேம்பாட்டு இலாகா என்ற தனி அலுவலகம் வழியாகப் பணத்தை இறக்கியது. கிராமக் குழுக்கள்கூட மாநிலத்துக்கு ஒன்று, மத்தியத்துக்கு ஒன்று என இரட்டையாக இயங்கின. கடலில் எடுக்கும் எண்ணெய்க்கு 5 விழுக்காடு உரிமத்தொகை வேண்டும் என்று கிளந்தான் கேட்டுக்கொண்டே இருந்தது, கிடைக்கவில்லை; 2010இல் தேசிய எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ்மீது வழக்குப் போட்டார்கள்.

ஆனால் எல்லாப் பழியையும் கோலாலம்பூர்மேல் போட முடியாது. குழாயைத் திறந்தால் மஞ்சளும் பழுப்புமாகத் தண்ணீர் வருவது கிளந்தான் வீடுகளில் பல்லாண்டுக் குறை, குடிநீர் நிறுவனம் மாநிலத்தின் கையில் இருந்தது. நிலமும் காடும் மாநில அதிகாரம். குவா மூசாங் பக்கம் காடுகள் அழிந்து தோட்டங்களானபோது ஓராங் அஸ்லி எனப்படும் பழங்குடி மக்கள் மறியல் செய்தார்கள், 2012இல் கைதும் ஆனார்கள். எளிமையான தலைவர் இருப்பதும் திறமையான நிர்வாகம் இருப்பதும் ஒன்றல்ல. கிளந்தான் மக்கள் முதலாவதைப் பெற்றார்கள், இரண்டாவதற்குக் காத்திருந்தார்கள்.

எப்போதாவது தோற்கும் நிலைக்கு வந்தாரா?

2004. மகாதீர் விலகி அப்துல்லா படாவி வந்த அலையில், 45 இடங்களில் 24தான் பாஸுக்கு. 1999இல் 43க்கு 41 வாங்கியவர்களுக்கு இந்த நிலை! 2005 டிசம்பரில் பெங்காலான் பாசிர் இடைத்தேர்தலில் 134 வாக்கு வித்தியாசத்தில் தோற்று, 23க்கு 22 என்று ஒற்றை இடப் பெரும்பான்மை. ஓர் உறுப்பினருக்குக் காய்ச்சல் வந்தாலே ஆட்சி ஆடும் நிலையில் இரண்டு ஆண்டுக்கு மேல் ஓட்டினார். 2008இல் கூட்டணியோடு 39 இடம் வாங்கித் திரும்பி வந்தார்.

அம்னோவோடு சேரவே மாட்டேன் என்றது ஏன்?

1978 பாடம்தான். 2008க்குப் பிறகு பாஸுக்குள்ளேயே ஒரு பிரிவினர், மலாய் ஒற்றுமைக்காக அம்னோவுடன் ஒருமைப்பாட்டு அரசு அமைக்கலாம் என்றார்கள். 2009இல் அந்த யோசனையை வெளிப்படையாகவே எதிர்த்தார், அதற்கு ஆதரவான தலைவர்களை மாற்ற வேண்டும் என்றும் பேசினார். பாஸும் ஜசெகவும் சேர்ந்திருந்த எதிர்க்கட்சிக் கூட்டணியான பக்காத்தான் ராக்யாட் அவ்வளவு நாள் பிழைத்ததில் இவருக்குப் பெரிய பங்கு.

குடும்பத்தினர் அரசியலில் இருந்தார்களா?

மனைவி துவான் சபாரியா, பத்துப் பிள்ளைகள். மகன் நிக் அட்லியை 2001இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்து, விசாரணையே இல்லாமல் ஐந்தாண்டு வைத்திருந்தார்கள். 2009இல் மருமகன் மாநில அரசின் நிறுவனத்துக்குத் தலைமை நிர்வாகியாக இருந்தது பெரிய சர்ச்சையாகி, அந்த மருமகன் பதவி விலகினார். நேர்மைக்குப் பெயர் வாங்கியவரின் வீட்டிலேயே இப்படியா என்று ஆதரவாளர்களே சங்கடப்பட்ட நேரம் அது.

எப்போது விலகினார், எப்போது மறைந்தார்?

2013 மே தேர்தலில் கட்சி மறுபடி வென்றதும், 82 வயதில், துணையாக இருந்த அகமட் யாக்கோப்பிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். புரோஸ்டேட் புற்றுநோய். 2014 டிசம்பரில் கிளந்தானை மூழ்கடித்த பெருவெள்ளம் வடிந்து சில வாரங்களில், 2015 பிப்ரவரி 12 இரவு, புலாவ் மெலாக்கா வீட்டிலேயே உயிர் பிரிந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை. எத்தனையோ வெள்ளி காலைகளில் அவர் பேச்சைக் கேட்க வந்த மக்கள், அந்த வெள்ளி காலையில் அவரை அடக்கம் செய்ய வந்தார்கள். கிராமத்துச் சாலைகள் கொள்ளவில்லை, சீனரும் இந்தியரும் அந்தக் கூட்டத்தில் நின்றார்கள்.

அவருக்குப் பிறகு கட்சி எப்படிப் போனது?

அவர் பயந்த திசையில். நான்கே மாதத்தில், 2015 ஜூனில், பக்காத்தான் ராக்யாட் உடைந்தது. பாஸிலிருந்து பிரிந்தவர்கள் அமானா கட்சியைத் தொடங்கினார்கள். 2019இல் பாஸும் அம்னோவும் ஒப்பந்தம் போட்டுக் கைகுலுக்கின. கிளந்தானில் பாஸ் இன்னும் ஆள்கிறது, 2023இல் கூட்டணியோடு 45க்கு 43 இடம். ஆனால் முஸ்லிம் அல்லாதவர்கள் 2008இல் பாஸ் கொடியைத் தூக்கியதுபோல இன்றைக்குத் தூக்குவார்களா? தூக்கமாட்டார்கள்.

வீட்டுக்குள்ளும் பிளவு. மகன் நிக் அப்டு 2013 முதல் 2022 வரை பாஸில் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். மூத்தவரான நிக் ஓமார், 2018இல் தந்தையின் செம்பாக்கா தொகுதியிலேயே பாஸுக்கு எதிராக பக்காத்தான் ஹரப்பான் என்ற புதிய கூட்டணியின் வேட்பாளராக நின்று தோற்றார். இரண்டு பேருமே அப்பா வழியில்தான் நடக்கிறோம் என்றார்கள்.

அந்த வீட்டையும் ஊரையும் போய்ப் பார்க்கலாமா?

தாராளமாக. கோத்தா பாரு விமான நிலையத்திலிருந்து காரில் சிறிது நேரம்தான். மசூதி, அதைச் சுற்றிய பள்ளி, அவருடைய வீடு, ஊர் இடுகாடு எல்லாம் பக்கத்துப் பக்கத்திலேயே. கல்லறைக்கு மண்டபமோ குவிமாடமோ கிடையாது, மற்ற ஊர்க்காரர்களின் கல்லறைகளுக்கு நடுவே ஒன்றாக இருக்கிறது. மசூதிக்குள் போவதாக இருந்தால் உடையைக் கவனித்துக்கொள்ளுங்கள், தொழுகை நேரத்தைத் தவிர்த்துவிட்டுப் போங்கள். வெள்ளி, சனி விடுமுறை என்பதையும் மறக்க வேண்டாம்.